பொருளடைவு தொகுத்தோர் வரலாறு

தோற்றுவாய்

நூலொன்றைக் கையில் எடுப்போர் முதலில் காண்பது நூலின் பெயர். அடுத்துக் காண்பது ஆசிரியரின் பெயர். பதிப்பகத்தாரின் பெயரும் அச்சகத்தாரின் பெயரும்கூடப் பொறிக்கப்பட்டிருக்கும். ஆயின் அந்நூலின் கடைசிப் பக்கங்களில் சிறிய எழுத்துகளில், இரண்டு பத்திகளாக, அகரவரிசையில் அமைந்திருக்கும் பெயர்களையும் பொருள்களையும் தொகுத்தவர் யாவர் என்பதை எவரும் வினவுவதில்லை. நூலும் பெரும்பாலும் அதனைக் கூறுவதில்லை. தேடிய செய்தி எந்தப் பக்கத்தில் உள்ளதெனக் கண்டவுடன் படிப்பவர் அப்பக்கத்திற்குச் சென்று விடுகிறார். வழிகாட்டியவரை மறந்து விடுகிறார்.

அவ்வாறு வழிகாட்டும் பகுதியே பொருளடைவு எனப்படுவது. நூலின் முன்னே வரும் பொருளடக்கம் வேறு. பின்னே வரும் பொருளடைவு வேறு. பொருளடக்கம் ஆசிரியர் நடந்த வழியைக் காட்டும். பொருளடைவு படிப்பவர் நுழைய விரும்பும் வாயில்களைக் காட்டும். நூலிலுள்ள சொற்கள் அனைத்தையும் வரிசைப்படுத்திக் காட்டுவது சொல்லடைவு. இவ்விரண்டும் ஒரு குடும்பத்தில் பிறந்தவை. மூத்தது சொல்லடைவே எனலாம்.

நூல்களைப் படித்து அடைவு தொகுப்பதையே தம் தொழிலாகக் கொண்டு, எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளம் பெறாது, நூல்தோறும் கூலி பெற்று வாழ்ந்தோரும் வாழ்வோரும் மேலைநாடுகளில் உளர். கல்வி ஒன்றையே முதலாகக் கொண்ட இத்தொழிலில் ஒருவர் எவ்வாறு நுழைந்தார், எவ்வாறு நிலைத்தார் என்பதன் வரலாறு, எழுத்தோடும் ஏட்டோடும் வாழும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் அறியத்தக்கது. தனித்து நின்றவர் தளர்ந்ததும், கூடி நின்றவர் தொழிலை நிலைநாட்டியதுமே இவ்வரலாற்றின் சாரம்.

மடங்களில் பிறந்த கலை

அடைவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இலத்தீனிலிருந்து வந்தது. அங்கு அது சுட்டுவிரலையும் குறிக்கும். சுட்டிக் காட்டுவதே அதன் பணி என்பது பெயரிலேயே விளங்கும். பண்டை உரோமாபுரியில் சுருளேடுகளின் ஓரத்தில் ஒட்டப்பட்ட பெயர்ச் சீட்டையும் இச்சொல்லால் குறித்தனர். ஆயின் சுருளேட்டில் பக்கங்கள் இல்லை. பக்கமில்லாத இடத்தில் பக்க எண் ஏது? எனவே தாள்களை மடித்துத் தைத்த நூல் தோன்றிய பின்னரே அடைவு வளர வழி பிறந்தது.

13ஆம் நூற்றாண்டில், ஏறத்தாழ 1230க்கும் 1240க்கும் இடையில், பாரிசு நகரின் புனித யாக்கோபு மடத்தில் டொமினிக்கன் துறவியர், செயின்ட் ஷெர் ஊரினரான ஹியூ என்பவரின் தலைமையில் இலத்தீன் விவிலியத்திற்குச் சொல்லடைவு ஒன்றைத் தொகுத்தனர். இப்பணியில் 500 துறவியர் ஈடுபட்டனர் என்பது மரபாக வழங்கும் செய்தி. விவிலியத்தின் அதிகாரப் பிரிவுகள் அக்காலத்தில் பழக்கத்திற்கு வந்திருந்தன; வசன எண்கள் தோன்றவில்லை. ஆதலின் ஒவ்வோர் அதிகாரத்தையும் ஏழு கூறுகளாகக் கருதி, முதல் ஏழு எழுத்துகளால் அவற்றைச் சுட்டினர். ஒரு நூலைப் பலர் பல ஊர்களில் பல அளவுகளில் படியெடுத்தாலும், இடம் மாறாத முகவரி ஒன்று வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ராபர்ட் குரோஸ்டெஸ்ட் என்னும் பேரறிஞர், தாம் படித்த நூல்கள் அனைத்திற்கும் பொதுவான பொருளட்டவணை ஒன்றை அமைத்தார். ஏறத்தாழ 440 பொருள்களுக்குத் தனித்தனிக் குறியீடு வகுத்து, ஏட்டின் ஓரங்களில் அக்குறியீடுகளை இட்டு, எந்தப் பொருள் எந்தெந்த நூலில் பேசப்படுகிறது என்பதைத் தொகுத்துக் கொண்டார். பாரிசில் நடந்தது சொல்லைத் தேடும் முயற்சி. குரோஸ்டெஸ்ட் செய்தது கருத்தைத் தேடும் முயற்சி. பிற்காலப் பொருளடைவுக்கு இவ்விரு முயற்சிகளும் இரு கால்களாயின.

அச்சும் துண்டுச் சீட்டும்

கையெழுத்துப் படிகளில் ஒரு படியின் ஏட்டெண் மற்றொரு படிக்குப் பொருந்தாது. அச்சுக்கலை இக்குறையைப் போக்கியது. ஒரே பதிப்பின் படிகள் அனைத்திலும் ஒரே செய்தி ஒரே இடத்தில் நின்றது. 1470ஆம் ஆண்டில் கொலோன் நகரில் ஆர்னால்ட் தெர் ஹோர்னென் அச்சிட்ட சிறு நூலொன்றில் தாள் எண்கள் அச்சிடப்பட்டன. இன்று எளிதாகத் தோன்றும் இந்த ஏற்பாடு பரவலாகப் பல்லாண்டுகள் சென்றன.

அடைவு தொகுக்கும் முறையைத் தெளிவாக எழுதிவைத்தவர்களுள் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர மருத்துவரும் இயற்கை நூலறிஞருமான கான்ராட் கெஸ்னர் குறிப்பிடத்தக்கவர். 1548ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் அவர் கூறிய முறை இது: குறிக்க வேண்டியவற்றைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும், எழுதியவற்றைக் கத்தரித்துத் துண்டுகளாக்க வேண்டும், துண்டுகளைப் பிரித்து வரிசைப்படுத்தி, இறுதியில் ஒட்டவோ படியெடுக்கவோ வேண்டும். துண்டுகள் பின்னர்க் கெட்டி அட்டைகளாயின. கணிப்பொறி வரும்வரை, 400 ஆண்டுகளுக்கு மேலாக, அடைவு தொகுப்போர் இம்முறையையே சிறுசிறு மாற்றங்களுடன் பின்பற்றினர். அட்டைகள் நிறைந்த காலணிப் பெட்டி இத்தொழிலின் அடையாளமாகவே விளங்கிற்று.

தனித்து நின்ற குரூடன்

இத்தொழிலின் வரலாற்றில் இரக்கத்திற்கும் வியப்புக்கும் ஒருங்கே உரியவர் அலெக்சாண்டர் குரூடன். 1699ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் பிறந்த இவர், இலண்டனில் அச்சுப்படி திருத்துவோராகவும் புத்தகக் கடைக்காரராகவும் வாழ்ந்தார். ஆங்கில விவிலியத்திற்கு முழுமையான சொல்லடைவு ஒன்றைத் தனி ஒருவராகத் தொகுத்து 1737ஆம் ஆண்டில் வெளியிட்டார். பாரிசில் ஒரு மடமே கூடிச் செய்த வகைப் பணியை ஒருவரே ஏற்றார் என்றால் அவருடைய உழைப்பை அளவிட இயலுமா?

நூலைக் கரோலின் அரசியாருக்கு உரிமையாக்கி, அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் நேரிற் சென்று அளித்தார். அரசியாரின் ஆதரவைப் பெரிதும் நம்பியிருந்தார். சில நாட்களிலேயே, நவம்பர் 20ஆம் நாள், அரசியார் காலமானார். நம்பிய ஆதரவு கிட்டவில்லை. கைப்பொருளும் நூலில் முடங்கிற்று. மறு ஆண்டில் அவர் மனநோயாளர் விடுதியொன்றில் அடைக்கப்பட்டார். அங்கிருந்து தப்பி வெளியேறினார். பின்னர் 1761, 1769 ஆகிய ஆண்டுகளில் வந்த பதிப்புகளே அவருக்குப் பொருள் ஈட்டித் தந்தன. 1770ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவருடைய சொல்லடைவோ பல தலைமுறைகளாகத் தொடர்ந்து அச்சேறியது.

குரூடனிடம் புலமை இருந்தது, பொறுமை இருந்தது, சந்தை இருந்தது என்பதையும் பிற்காலப் பதிப்புகள் காட்டின. இல்லாதது ஒன்றே. நூல் விற்கும்வரை அவரைத் தாங்கும் ஏற்பாடு இல்லை; உழைப்புக்குக் கூலி இவ்வளவு என்னும் வரையறை இல்லை; தம்மைப் போன்றாரின் துணையும் இல்லை. ஒரு புரவலரின் உயிரை நம்பி நின்ற தொழில், அப்புரவலரின் மறைவோடு சாய்ந்தது.

இலக்கணம் வகுத்த வீட்லி

19ஆம் நூற்றாண்டில் நூல்கள் பெருகின, நூலகங்கள் பெருகின, ஆய்வாளரின் தேவையும் பெருகியது. அடைவில்லா நூல்களால் அறிஞர் அல்லலுற்றனர். ஆங்கில நீதித்துறையில் உயர் பதவி வகித்த கேம்பெல் பிரபு, அடைவின்றி நூல் வெளியிடும் ஆசிரியருக்குப் பதிப்புரிமையே கூடாதெனச் சட்டம் கொணரத் தாம் எண்ணியதாக எழுதினார். அவ்வாறு எழுதியவரின் நூலே முதலில் அடைவின்றி வந்தது என்பது நகைப்பிற்குரியது; அடைவு தொகுப்பது சொல்லும் அளவுக்கு எளிதன்று என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

1877ஆம் ஆண்டில் ஹென்றி பெஞ்சமின் வீட்லி முன்னின்று இலண்டனில் அடைவுக் கழகம் ஒன்றை நிறுவினார். அடைவு என்பது யாது என விளக்கும் நூலை 1878இலும், அதனை ஆக்கும் முறையைக் கூறும் நூலை 1902இலும் எழுதினார். சாமுவேல் பெப்பிஸ் 1660 முதல் 1669 வரை எழுதிய புகழ்பெற்ற நாட்குறிப்பைப் பதிப்பித்து, அதற்கு விரிவான அடைவும் அமைத்தார். அவர் நிறுவிய கழகம் பொருள் வறுமையால் நீண்டநாள் நிலைக்கவில்லை. ஆயினும், அடைவு தொகுத்தல் வெறும் எழுத்தர் வேலையன்று, இலக்கணமுடைய ஒரு கலை என்னும் எண்ணத்தை அவர் நிலைநாட்டினார்.

பெண்கள் திறந்த வாயில்

இலக்கணம் பிறந்தது, ஆனால் தொழிலில் நுழைவோருக்குப் பயிற்சி அளிப்பவர் வேண்டுமே? அக்குறையைப் போக்கியவர் பெண்கள். 1878ஆம் ஆண்டிலேயே இலண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்க முன்வந்தது. ஆயின் படித்த பெண்களுக்கு ஆசிரியப் பணி தவிர வேறு பணிகள் அரிதாகவே இருந்தன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமோ பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்க 1948ஆம் ஆண்டுவரை காத்திருந்தது. கல்வியிருந்தும் கதவுகள் மூடியிருந்த காலம் அது.

அந்நிலையில் 1890களில் நான்சி பெய்லி என்னும் பெண்மணி இலண்டனில் அடைவு அலுவலகம் ஒன்றை நடத்தினார். நாடாளுமன்ற விவாதப் பதிவுகளுக்கு அடைவு தொகுத்தார்; பிற பெண்களையும் இத்தொழிலில் பழக்கினார். அவரைப் போலவே மேரி பெதர்பிரிட்ஜ் என்பவர் 1895ஆம் ஆண்டில் செயலகப் பணியகம் ஒன்றை நிறுவி, பெண்களுக்கு அடைவுக் கலையில் பயிற்சி அளித்தார். அடைவு நுட்பம் பற்றிய நூலை 1904இல் வெளியிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய ஆவணங்களுக்கும் அவர் அடைவு தொகுத்தார். சென்னையிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கொடி நாட்டிய அக்கம்பெனியின் ஏடுகளில் வழி தேடும் பணி, வாக்குரிமையும் பெறாதிருந்த ஒரு பெண்மணியின் கைக்கு வந்தது எண்ணத்தக்கது.

குரூடனுக்குக் கிட்டாத ஒன்று இவர்களிடம் பயின்றோருக்குக் கிட்டியது. புதிதாக வருபவர், தேர்ந்தவரின் அருகிலிருந்து, அவர் திருத்தத் திருத்தக் கற்றார். வேலையைத் தேடித் தரும் பொறுப்பைப் பணியகம் ஏற்றது. பிழையின்றி முடித்துக் கொடுக்கும் பொறுப்பைப் பயின்றவர் ஏற்றார்.

சங்கம் கண்ட நைட்

இருப்பினும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அடைவு தொகுத்தோர் பலர் தத்தம் வீட்டு மேசையில் தனித்தே உழைத்தனர். ஒருவர் பெறும் ஊதியம் மற்றவருக்குத் தெரியாது; ஒருவர் கண்ட நல்ல முறையும் மற்றவரைச் சென்று சேராது. இந்நிலையை மாற்றியவர் ஜி. நார்மன் நைட். இவரது முயற்சியால் 1957ஆம் ஆண்டு மார்ச் மாதம் 30ஆம் நாள், இலண்டனில் தேசிய நூற்கழகத்தின் மனையில் அடைவாளர் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது.

சங்கத்தின் நோக்கம் இரண்டு: அடைவின் தரத்தை உயர்த்துவது ஒன்று, அடைவாளரின் ஊதியத்தையும் நிலையையும் காப்பது மற்றொன்று. தரம் உயராமல் ஊதியம் கேட்பது முறையன்று. ஊதியமில்லாமல் தரம் கேட்பதும் முறையன்று. இவ்விரண்டையும் ஒருசேரப் பற்றியதே அச்சங்கத்தின் சிறப்பு. 1958ஆம் ஆண்டில் சங்கத்தின் இதழ் தொடங்கியது. 1964ஆம் ஆண்டில் அடைவு அமைப்பதற்கான பிரிட்டிஷ் தர விதிகள் வெளிவந்தன. முன்னோடியைப் போற்றும் வகையில் வீட்லியின் பெயரால் பதக்கமும் ஏற்படுத்தப்பட்டது. 1968ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும், 1976ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலும் இத்தகைய சங்கங்கள் எழுந்தன. அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சார்ந்த பட்டதாரிப் பள்ளி அஞ்சல்வழியே அடைவுக் கலையைக் கற்பித்து வந்தது. தொலைவிலுள்ளோரும் தம் வீட்டிலிருந்தே இத்தொழிலைக் கற்க அது துணையாயிற்று.

தொழிலில் நுழைவோர் கற்றது

இத்தொழிலைத் தொடங்குவோருக்குப் பெரும் முதல் வேண்டுவதில்லை. ஆயினும் கூரிய அறிவு வேண்டும். பெரும்பாலோர் தாம் முன்பே அறிந்த துறையிலிருந்து தொடங்கினர். செவிலியராக இருந்தவர் மருத்துவ நூலையும், சட்டம் பயின்றவர் சட்ட நூலையும், ஆசிரியராக இருந்தவர் பாட நூலையும் எடுத்துக்கொள்வது இயல்பு. தாமே விரும்பிய நூலொன்றுக்குப் பயிற்சியாக அடைவு தொகுத்து, அதனை மாதிரியாகக் கொண்டு பதிப்பகங்களுக்கு எழுதி வேலை கேட்பது புதியவர் கையாளும் வழி. முதல் வேலை கிடைக்க மாதங்கள் பல ஆகலாம். குறித்த நாளில் செம்மையாக முடித்துக் கொடுத்தால் அடுத்த வேலை தானே வரும்.

வேலையின் இயல்பும் கடினமானதே. பக்கங்கள் உறுதியான பின்னரே அடைவை முடிக்க இயலும். ஆதலின் நூலாக்கத்தின் இறுதியில், அச்சு இயந்திரம் காத்திருக்கும் வேளையில், சில வாரங்களே அடைவாளருக்குக் கிட்டும். மேலும், கல்விசார் நூல்கள் பலவற்றின் ஒப்பந்தங்களில் அடைவு ஆசிரியரின் பொறுப்பாகவே எழுதப்படுகிறது. தாமே தொகுக்க இயலாத ஆசிரியர் அதற்குரிய செலவைத் தாமே ஏற்கவோ, தமக்கு வரும் உரிமைத் தொகையில் கழித்துக்கொள்ள இசையவோ நேர்கிறது. எனவே கூலியைப் பக்கக் கணக்கிலோ மணிக் கணக்கிலோ முன்கூட்டியே பேசி முடிப்பது அடைவாளர் கற்கும் முதற் பாடங்களுள் ஒன்று.

நுட்பங்களோ பல. மலாயாத் தோட்டங்களைப் பற்றிய நூலொன்றைக் கொள்வோம். ஆசிரியர் ஓரிடத்தில் 'ரப்பர்' என்பார். மற்றோரிடத்தில் 'பால்மரம்' என்பார். இரண்டையும் இரண்டிடத்தில் சிதறவிட்டால் படிப்பவர் பாதியையே காண்பார். ஒன்றைத் தலைப்பாக்கி, மற்றதன் கீழ் 'ரப்பர் காண்க' எனச் சுட்டுதல் வேண்டும். 'தொழிலாளர்' என்னும் தலைப்பின் கீழ் 40 பக்க எண்களை வரிசையாக அடுக்குவதால் பயன் விளையாது. 'ஊதியம்', 'குடியிருப்பு', 'தமிழ்ப்பள்ளி' எனக் கிளைத்தலைப்புகளாகப் பிரித்தால்தான் தேடுவார்க்கு விடை கிட்டும். போகிற போக்கில் ஒரு பெயர் வந்த இடத்தையும், அவரைப் பற்றி ஆசிரியர் விளக்கிப் பேசும் இடத்தையும் ஒன்றாகக் கருதலாகாது.

பெயர்களை வரிசைப்படுத்துவதில் அறியாமை எளிதில் வெளிப்படும். ஆங்கிலேயரின் பெயரில் இறுதியில் நிற்கும் குடும்பப் பெயரை முன்னே கொணர்தல் வழக்கம். அதே விதியை எல்லார்க்கும் பொருத்தலாமா? சீனர் பெயரில் குடும்பப் பெயர் முன்னரே நிற்கிறது. ஆதலின் லீ குவான் யூ என்பதை மாற்றாமல் 'லீ' என்பதன் கீழேயே காட்ட வேண்டும். மலாய்க்காரர் பெயரில் பின்னால் வருவது தந்தையின் பெயர். துங்கு அப்துல் ரகுமானை 'அப்துல் ரகுமான், துங்கு' என்றே அமைப்பர். தமிழர் பெயரில் முன்னெழுத்து தந்தை பெயரையோ ஊரையோ குறிக்கும், உ. வே. சாமிநாதையரைச் 'சாமிநாதையர், உ. வே.' என அமைத்தல் வேண்டும். மூவினத்தாரும் கூடி வாழும் மலேசியாவையும் சிங்கப்பூரையும் பற்றிய நூலுக்கு அடைவு தொகுப்பவர், மூவினத்தாரின் பெயர் மரபையும் அறிந்திருத்தல் கட்டாயம்.

தமிழ் கண்ட அடைவு

தமிழுக்கும் இக்கலை புதியதன்று. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732ஆம் ஆண்டில் நிகண்டுகளின் செய்திகளை அகரவரிசையில் கொணர்ந்தது. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். அரும்பத அகராதியும் பிற அட்டவணைகளும் அவர் பதிப்புகளின் சிறப்புகளாயின. 1962ஆம் ஆண்டில் வ. அய். சுப்பிரமணியம் தொகுத்த புறநானூற்றுச் சொல்லடைவும், 1966ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்த ந. சுப்பிரமணியனின் பல்லவர்க்கு முற்பட்ட காலத் தமிழ் இலக்கிய அடைவும் ஆய்வாளருக்குப் பெருந்துணையாயின. அதே 1966ஆம் ஆண்டில், முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தபோது, சேவியர் தனிநாயகம் அடிகள் தொகுத்த தமிழாய்வு நூல்களின் வழிகாட்டி மலாயாப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது.

தமிழில் அடைவு தொகுப்பவருக்குத் தனி இடர்களும் உண்டு. 'மரத்தை', 'மரத்தால்', 'மரங்கள்' என்பன ஒரே சொல்லின் கீழ் வர வேண்டும். புணர்ச்சியால் ஒன்றிய சொற்களை எங்குப் பிரிப்பது என்பதற்கு இலக்கண அறிவு வேண்டும். இவ்விடர்களைப் புலவர்கள் வென்றனர். ஆயின் அவர்கள் இதனைத் தம் ஆய்வின் ஒரு பகுதியாகவே செய்தனர். தொழிலாகக் கொண்டு, பயிற்சியும் ஊதிய வரையறையும் சங்கமும் கண்ட நிலை தமிழ்ப் பதிப்புலகில் வேரூன்றவில்லை. தமிழ் வரலாற்று நூல்களும் கட்டுரைத் தொகுப்புகளும் பல அடைவின்றி வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கணிப்பொறியும் மனித அறிவும்

1980களில் மேக்ரெக்ஸ், சிண்டெக்ஸ் போன்ற கணிப்பொறி நிரல்கள் அடைவாளரின் காலணிப் பெட்டிகளை ஓய்வு பெறச் செய்தன. வரிசைப்படுத்தும் வேலை நொடியில் முடிந்தது. அதன்பின் மின்னூல்களில் சொல்லைத் தட்டித் தேடும் வசதியும் வந்தது. இனி அடைவாளர் எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே.

இயந்திரத் தேடல், கேட்ட சொல் வந்த இடங்களையெல்லாம் காட்டும். ஆனால் 'பசி' என்னும் சொல்லே இன்றி ஒரு குடும்பத்தின் பசியை ஆசிரியர் நான்கு பக்கங்களில் எழுதியிருந்தால், சொல்லைத் தேடுவது அங்கே சென்று சேராது. அப்பக்கங்களைப் படித்து, இஃது பசியைப் பற்றியது எனத் தெளிந்து, தேடி வருபவர் எந்தச் சொல்லோடு வருவார் என முன்னுணர்ந்து அங்கே ஒரு வாயில் அமைப்பதே அடைவாளரின் பணி. 1970 முதல் 1983 வரை 11 தொகுதிகளாக வந்த பெப்பிஸ் நாட்குறிப்பின் புதிய பதிப்பில், இறுதித் தொகுதி முழுவதுமே ராபர்ட் லேதம் தொகுத்த அடைவாக அமைந்தது. வீட்லி முன்பு அடைவு தந்த அதே நூலுக்கு மீண்டும் ஒருவர் அத்துணை உழைப்பைச் செலவிட்டமை, புதிய வாசகருக்குப் புதிய வாயில்கள் வேண்டும் என்பதை உணர்த்தும்.

முடிவுரை

குரூடனின் கதையையும் நைட்டின் கதையையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகும். இருவரிடமும் உழைப்புக்குக் குறைவில்லை. முன்னவர் புரவலரை நம்பினார். பின்னவர் தம் தொழிலோரை நம்பினார். இலக்கணம், பயிற்சி, சங்கம் என்னும் மூன்றும் அமைந்த பிறகே, படிப்பை மட்டும் கைம்முதலாகக் கொண்ட ஒருவர் மானத்துடன் இத்தொழிலைத் தொடங்க முடிந்தது.

இவ்வரலாறு தமிழ் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு பணியைச் சுட்டுகிறது. பள்ளி ஆண்டு மலருக்கோ, ஊர் வரலாற்று நூலுக்கோ, எழுத்தாளர் சங்கத் தொகுப்புக்கோ மாணவர் கூடி ஓர் அடைவு தொகுக்கலாம். அதற்குத் துண்டுச் சீட்டுகளும் கவனமான படிப்பும் போதும். தொகுத்தோரின் பெயரை நூலின் முகப்பில் அச்சிடவும் வேண்டும். தேடுவார்க்குக் கிடைக்கும்போதுதான் நூலிலுள்ள அறிவு வாழ்கிறது. அதனைக் கிடைக்கச் செய்பவரும் நூலாக்கத்தில் பங்குடையவரே.